தூங்குமூஞ்சியும் தட்டுக்காளானும்

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து தயாரித்து என் போனுக்கு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். இடது பக்கம் தூங்குமூஞ்சி மரம், வலது பக்கம் தட்டுக்காளான். அடுத்து வேலையில் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டுமாம், சரிபார்த்துத் தரச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மாநகராட்சி மரப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் என்னிடம் வந்து சிவப்பு மை கேட்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. வீட்டில் யாரும் எதையும் என்னிடம் சரிபார்க்கத் தருவதில்லை. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்பது தாம்பரத்தில் பலருக்குத் தெரியும்.

அட்டவணையில் தப்பு ஒன்றுமில்லை. மரம் தன் சாப்பாட்டை வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும். காளானுக்கு அடுப்பே கிடையாது, மரம் சமைத்து வைத்ததைத்தான் சாப்பிடும். மரம் விதை போடும், காளான் தூள் பறக்கவிடும். மரம் வருஷம் பூராவும் கண்ணுக்குத் தெரியும், காளான் தன் வேலை பாதி முடிந்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். எல்லாம் சரி. லத்தீன் பெயர்களில்கூட எழுத்துப்பிழை இல்லை. ஆனாலும் ஒரு வரி குறைகிறது. அது என்ன வரி என்று நேராகச் சொன்னால் "ஓகே மேடம்" என்று சேர்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் நான் அந்த வரியைக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். என் சர்வீஸின் கடைசி வருஷத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் அது தெரியாமலேதான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெரு. ஒரு பக்கம் பழைய வீடுகள், இன்னொரு பக்கம் புது அடுக்குமாடிக் குடியிருப்பு. குடியிருப்பின் மதிலை ஒட்டி, பாதித் தெருவை மூடிக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் அமுதாவின் இஸ்திரி வண்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நிழலில் நின்றுதான் துணி தேய்க்கிறாள். கரிப்பெட்டிச் சூட்டில் பகல் முழுக்க நிற்கிறவளுக்கு நிழல் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. குடியிருப்புக்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்தான் மரத்தை எடுக்கச் சொல்லி நம் அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் மனுவில், காய் விழுந்து கார் பிசுபிசுக்கிறது என்றார். அடுத்ததில் இலைக் குப்பை. அதற்கடுத்ததில் காக்கா எச்சம். மூன்றையும் திருப்பி அனுப்பினேன். நான்காவது மனுவில், மரத்தின் அடியில் காளான் முளைத்திருக்கிறது, மரம் உள்ளே அழுகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். மனிதர் இன்டர்நெட்டில் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மரம் நல்ல மரம் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, அதுதான் காரணம். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் பார்க்கப் போனது சுதந்திர தினம் முடிந்த மூன்றாம் நாள். அன்றைக்கு மதியம் தாம்பரத்தில் சர்ச்சில் என் அண்ணன் மகள் கல்யாணம். நேராகப் போய்விடலாம் என்று பட்டுப்புடவையிலேயே கிளம்பிவிட்டேன். கொடியேற்றத்துக்காக அந்தத் தெரு மரங்களுக்கெல்லாம் வழக்கம்போல அடியில் காவியும் வெள்ளையும் பட்டையாகப் பூசியிருந்தார்கள். மற்ற மரங்களில் பெயின்ட் காய்ந்திருந்தது. அமுதாவின் மரத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். புடவையில் ஒட்டிவிடும் என்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஒரு எட்டு தள்ளி நின்றேன், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. குனிந்து அடியைப் பார்க்கவில்லை. மார்பளவு உயரத்தில் மரச்சுத்தியலால் மூன்று தட்டு தட்டினேன். அந்த இடத்தில் கெட்டியான, நல்ல சத்தம்தான் வந்தது.

செயலாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "போன வாரம்கூட இருந்துச்சு மேடம், நானே பாத்தேன்," என்றார். போன வாரம் இருந்த காளான் இந்த வாரம் லீவு போட்டுவிட்டதா சார் என்று கேட்டேன். வேடிக்கை பார்த்த நாலு பேர் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோய் உள்ளே போய்விட்டார். அமுதா சிரிக்கவில்லை. பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருடைய சட்டைக் காலரோ கருகுகிற வாசனை வந்தது. அதையும் கவனித்தேன், அதையும் யோசிக்கவில்லை. மரம் ஆரோக்கியமாக உள்ளது என்று அங்கேயே வண்டிப் பலகைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். போகிற போக்கில் அவளிடம், கவலைப்படாதே, உன் மரத்துக்கு ஒன்றுமில்லை என்று தோளைத் தட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், காலையில் அலுவலகம் திறந்த கையோடு அமுதா வந்தாள். அந்த வாரம் இஸ்திரிக்காரர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்றதும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கையிலிருந்த துணிக்கடைப் பையை என் மேஜைமேல், ஃபைல்கள் மேலேயே கவிழ்த்தாள். கனமான தட்டுகளாகக் காளான்கள். பழையவை மரக்கட்டை மாதிரி காய்ந்து, மேலே பாலிஷ் போட்ட மாதிரி செம்பழுப்பாக மினுங்கின. ஒன்று மட்டும் புதிது. விளிம்பு வெள்ளையாக இருந்தது, முதுகில் காவி பெயின்ட் ஒட்டியிருந்தது.

"நான்தான் மேடம் பேத்துப் போட்டேன்," என்றாள். "நீங்கோ வர்றீங்கோன்னு அந்த அப்பார்ட்மென்ட்காருங்கோ பேசிகினு இருந்தாங்கோ. அன்னிக்கு காலைலயே அல்லாத்தையும் பேத்துட்டு, மிச்சம் வெச்சிருந்த பெயின்ட்ட பூசி வுட்டேன். சொறி மாதிரி கீது, பேத்துட்டா ஆறிப்பூடும்னு நெனச்சேன். மூணு வருஷமா பேத்துகினுதான் கீறேன். இப்போ பெயின்ட்டையே தள்ளிகினு வந்துக்கீது."

மூன்று வருஷம். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். வெளியே தெரிவது காளானின் காய் மாதிரி. மாங்காயைப் பறித்துவிட்டால் மாமரம் செத்துவிடுமா? அதே போலத்தான், காளானின் உடம்பு மரத்துக்குள்ளே நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கும், அதை யாரும் பேர்க்க முடியாது என்றேன். அவள் அந்தப் புதுத் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அதுவும் ஒரு மரந்தானா மேடம்? உள்ளாற நிக்குது."

உங்கள் அட்டவணையில் இத்தனை வரிகள் இருக்கின்றன. அமுதா சொன்னதைவிட நன்றாக நீங்களும் எழுதவில்லை, நானும் என் சர்வீஸில் எழுதியதில்லை. வெளியே ஒரு மரம் வளர்ந்து நிழல் கொடுத்துக்கொண்டிருக்க, உள்ளே இன்னொன்று அதைத் தின்று வளர்கிறது. இலை கடைசி வரைக்கும் பச்சையாகத்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் ஏறுவது வெளிச்சுற்றில், காளான் தின்பது நடுவில். நாம் பச்சையைப் பார்த்துவிட்டு நல்ல மரம் என்று சொல்லிவிடுகிறோம். மரம் மறைக்கும், காளான் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று கேட்டேன். நான் கேட்ட விதம் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"நீங்கோ கையெழுத்து போட்டுட்டு, ஒண்ணுமில்ல கவலப்படாதன்னு சொல்ட்டு போனீங்கோ. ஒண்ணு கீதுன்னு எனக்குத்தான மேடம் தெரியும். மய வந்து அது வுயுந்தா, நான் போனாகூட பரவால்ல. உங்க பேரு கெட்டுப்பூடும்."

இந்த வேலையில் எனக்கு எத்தனையோ பேர் சால்வை போட்டிருக்கிறார்கள். என் பேருக்காகத் தன் நிழலை விட்டுக்கொடுக்க ஒருத்தி பஸ் ஏறி வந்தது அந்த ஒரு தடவைதான். நான் எழுந்து அவளுக்கு என் நாற்காலியைக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை. துணி கிடக்கிறது, போக வேண்டும் என்றாள்.

அடுத்த நாளிலிருந்து பலத்த மழை என்று காலைச் செய்தியிலேயே சொல்லியிருந்தார்கள். மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் நல்லவர், ஆனால் எதையும் தள்ளிப்போடுகிறவர். ஆகஸ்டில் நீங்களே ஆரோக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது வெட்ட வேண்டும் என்றால் மேலே நான் என்ன பதில் சொல்வது, தீபாவளி கழியட்டும், ஒரு குழு போட்டுப் பார்ப்போம் என்றார். அவசரம் என்று என் கையெழுத்தில் எழுதினால் அன்றைக்கே எடுக்கலாம். உள்ளே மரம் நன்றாக இருந்துவிட்டால் நிழல் மரத்தை வீணாக வெட்டியவள் என்ற பெயர், விசாரணை, ஓய்வு பெறும் நேரத்தில் தலைவலி. எழுதாமல் விட்டு மழையில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது என் மேஜைமேல் தட்டுத் தட்டாகக் கிடந்தது. தாளை எடுத்து, என் முந்தைய அறிக்கை தவறு, அடிமரத்தைச் சரியாகப் பார்க்காமல் எழுதினேன், அதைத் திரும்பப் பெறுகிறேன், அவசரம், மரத்தை இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஏனோ பசித்தது.

நம் மரம் வெட்டும் குழுவின் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னைவிட வயதில் சின்னவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இந்த வேலையில் எனக்கு வாத்தியார் என்று யாராவது இருந்தால் அவர்தான். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மரத்தைப் பார்க்க மாட்டார். மரத்தின் அடியில் யார் இருக்கிறார்கள், தினமும் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று விசாரிப்பார். நேரத்தை வீணாக்குகிறார் என்று பல வருஷம் அவர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

பெருங்களத்தூர் சந்திப்பில் ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் போய்ச் சேரவே மதியமாகிவிட்டது. இந்தத் தடவை காட்டன் புடவை. மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து காவியைச் சுரண்டினேன். பேர்த்த தழும்புகள் வரிசையாக, மரத்தின் முக்கால் சுற்றுக்கு இருந்தன. சுத்தியலால் தட்டினேன். மொத்து மொத்தென்று மெத்தையில் தட்டிய மாதிரி சத்தம். மேஸ்திரி கம்பியை வைத்து அழுத்தினார், அது தடையில்லாமல் உள்ளே போனது.

"மேடம், மரத்த அப்புறம் பாப்போம். மொதல்ல அடிய காலி பண்ணுங்க," என்றார்.

தெருவைக் கயிறு கட்டி அடைத்தேன். துணி வாங்கக் கொடுக்க வந்தவர்கள், பைக்கில் குறுக்கே புகுந்து போகிறவர்கள், கார் எடுக்க வேண்டும் என்று நின்றவர்கள் என எல்லோரும் திட்டினார்கள். இத்தனை நாள் பச்சையாக நிற்கிற மரத்தைத் தீபாவளி நேரத்திலா வெட்ட வேண்டும், இந்த அம்மாவுக்குப் பைத்தியமா என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். நானும் ஒன்றிரண்டு பேரைத் திருப்பித் திட்டினேன், பொய் சொல்லக் கூடாது. அமுதாவின் வண்டியை எங்கள் ஆட்களே தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் மரத்தின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். கிளை கிளையாக மேலிருந்து இறக்கி, அடிமரத்தை அறுத்துச் சாய்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அடிக்கட்டையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்தான் மரம் இருந்தது. நடுவில் எல்லாம் ஊறின அவல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேஸ்திரி கையை விட்டார், தோள் வரைக்கும் உள்ளே போயிற்று. திட்டியவர்கள் எல்லாம் கயிற்றருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். அமுதாவின் வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம் அந்தக் கட்டையிலிருந்து இரண்டு அடி தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து மூன்று நாள் விடாமல் பெய்தது.

மழைக்கு முன்பே இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீங்கள் சொன்னது சரி சார், நான்தான் தப்பாக எழுதினேன், உங்களைக் கிண்டல் செய்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அந்த மரத்தை வெட்ட உத்தரவு எழுதியது அதைவிடச் சுலபமாக இருந்தது. அவர் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லணும்னா மேடம், எனக்கு காளான் பத்தி ஒண்ணும் தெரியாது. கார் பிரச்சினைன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, இதச் சொன்னா ஒத்துப்பீங்கன்னு சும்மா ஒரு பாயின்ட்டா எழுதினேன்," என்றார்.

எங்கள் மூன்று பேருடைய லட்சணத்தையும் பாருங்கள். காளான் கண்ணுக்கு நேரே முளைத்து நிற்கிறது. ஒருவர் அதைச் சாக்காக்கிக்கொண்டார், ஒருத்தி அதை மறைத்தாள், சம்பளம் வாங்குகிற நான் அதை இல்லவே இல்லை என்றேன். அது என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அப்படியே அமுதாவுக்கு இடம் கேட்டேன். அவளுக்கு நிழல் போய்விட்டது, உங்கள் துணியெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது, கேட் பக்கத்தில் ஜெனரேட்டர் அறையை ஒட்டிய ஷீட் கூரையின் கீழ் வண்டியை நிறுத்த விடுங்கள் என்றேன். சங்கத்தில் கேட்க வேண்டும் என்று இழுத்தார். மறுநாள் மழையில் அவரே குடை பிடித்துக்கொண்டு வந்து வண்டியை உள்ளே தள்ள உதவியதாக அமுதா பிறகு சொன்னாள். அந்த மனிதருக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, காளானைக் கண்டதும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நான் ஓடினேன். அடுத்த மாதமே சேலையூரில் ஒரு வேப்பமரத்தில் சின்னச் சின்னதாக வெள்ளை விசிறி மாதிரி காளானைப் பார்த்துவிட்டு, வெட்ட எழுதப் பேனாவைத் திறந்தேன். மேஸ்திரிதான், இது காய்ந்துபோன கிளையில் வந்தது மேடம், கிளையை மட்டும் எடுத்தால் போதும் என்று தடுத்தார். அந்த மரம் இன்றைக்கும் நிற்கிறது. எந்தக் காளான், எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்க்கத்தான் உங்கள் அட்டவணை வேண்டும்.

அந்த அட்டவணையில் சேர்க்க வேண்டிய வரியை இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: "அடியில் யார்?" மரத்துக்கும் காளானுக்கும் நடுவில் நிற்கிற ஆள் அவர்தான். மரம் போனால் அதிகம் இழக்கிறவர், அது விழுந்தால் முதலில் போகிறவர், உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்தவர். சுத்தியலை எடுப்பதற்கு முன் அவரிடம் பேசுங்கள். போலீஸ்காரர் மாதிரி கேட்காதீர்கள். மரம் போனால் உங்களுக்கு வேறு இடம் பார்க்க நானும் கூட வருகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். ஆகஸ்டில் நான் இதைக் கேட்டிருந்தால் அமுதா அன்றைக்கே சொல்லியிருப்பாள். இரண்டரை மாதம் அந்த மரத்தடியில் அவளை நிறுத்தி வைத்தது என் பட்டுப்புடவைதான்.

ஃபைலில் அமுதாவின் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. என் கவனக்குறைவு என்று மட்டும்தான் எழுதினேன், அதுதான் உண்மையும்கூட. அதனால் உங்களுக்கு இதை எழுதுவதற்கு முன் போன வாரம் பெருங்களத்தூருக்குப் போய் அவளிடம் அனுமதி கேட்டேன். ஷீட்டின் கீழே நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஷீட், கீழே பெட்டி, நடுவில் நான் அப்பளம் என்று முதலில் ஒரு பாட்டம் புலம்பினாள். உங்கள் அட்டவணையைப் படித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டாள். உன் கதையையும் எழுதப்போகிறேன், நீ மறைத்ததைச் சொல்லாமல் கதை வராது, பெயரை வேண்டுமானால் மாற்றிவிடுகிறேன் என்றேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பேர இன்னாத்துக்கு மாத்தணும்? பேத்துப் போட்டத எயுதிக்கோங்கோ மேடம். நானே வந்து சொன்னதையும் சேத்து எயுதுங்கோ."

சேர்த்து எழுதிவிட்டேன், அமுதா.